எல்லாரும் திருப்பிய சக்கரம்

சக்கரம் இரண்டு விரல் அளவு நகர்ந்திருந்தது.

பழனிமுத்து தலையில் போட்டிருந்த ஈரச்சாக்கை இறக்காமலே நின்று அதைப் பார்த்தார். ஓடைத் தலைப்பில் கம்பி வலையை அடைத்துக் கிடந்த சருகை வாரி எறிந்துவிட்டு வருவதற்குள் யாரோ மேலே ஏறி வந்து, மடைக்கதவைத் தூக்குகிற இரும்புச் சக்கரத்தைத் திருப்பிவிட்டு, இறங்கியும் போயிருக்கிறார்கள். தோட்டம் முழுவதற்கும் கரண்டு கொடுக்கிற சக்கரம். காவலுக்கு இருக்கிறவர் இல்லாத நேரத்தில் எவரோ வந்து கை வைத்தால் கோபம் வர வேண்டும். அவருக்குக் கோபம் வரவில்லை. ஆள் வந்த நேரம் பார்த்துத் தான் இல்லாமல் போனோமே என்றுதான் நினைத்தார்.

வந்தது யார் என்று கண்டுபிடிப்பதாவது மிஞ்சியிருந்தது. குனிந்து தேடினார். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் வீரசிங்கம் வந்திருந்தால் வாசல் கல்லில் வெற்றிலை எச்சில் ஒரு பெரிய கோழிக்குஞ்சு அளவுக்குச் சிவந்து கிடக்கும். பூசாரி ராசையா வந்திருந்தால் சக்கரத்தின் கைப்பிடியில் திருநீறு ஒட்டியிருக்கும். பெஞ்சுக்கு அடியில் ஏலக்காய்த் தோல் ஒன்று அகப்பட்டது. சரிதான், ரவூப் நானா. துரை பங்களாவின் சமையல்காரர். துரைக்குப் புட்டிங்கில் போட எடுத்து வைக்கிற ஏலக்காயில் பாதி அவர் வாயில்தான் கிடக்கும். அந்தத் தோலை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பழனிமுத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

சக்கரத்துக்கான அந்தக் கொட்டில் இருந்தது மாத்தளைப் பக்கம், எல்கடுவைக்கு மேலே, குருவிப்பாறைத் தோட்டத்தின் உச்சந்தலையில். அங்கிருந்து துப்பினால் எச்சில் கீழே தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு வந்து சேருவதற்குள் காய்ந்துவிடும் என்பார்கள். ஏற்றம் அப்படி. ஆளின் காலைப் பிடித்துக்கொண்டு வருகிற அட்டைகூடப் பாதி வழியில் இறங்கி உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி ஏறும். ஓடையை மறித்து, குழாயில் இறக்கி, அந்தத் தண்ணீரின் வேகத்தில் உள்ளே ஒரு ராட்சத ரோதையைச் சுற்ற வைத்து, அதிலிருந்து கரண்டு எடுத்தார்கள். சுதந்திரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வந்து மாட்டிய யந்திரம். சுவரில் வட்டக் கண்ணாடிக்குள் ஒரு ஊசி. ஊசி நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரே ஒரு கோடு போட்டு, "இது இங்கே நிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிப் போய்விட்டார். மடைக்கதவைக் கொஞ்சம் திறந்தால் ஊசி ஏறும், மூடினால் இறங்கும். அவ்வளவுதான் வித்தை. அந்த வித்தைக்குக் காவலாகப் பழனிமுத்துவை அங்கே ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் இறக்க மறந்து போனார்கள்.

மறந்தது அது மட்டுமல்ல. பழனிமுத்துவுக்குக் கல்யாணம் செய்து வைக்கவும் தோட்டம் மறந்துவிட்டது. வேண்டுமென்று யாரும் மறக்கவில்லை. சித்தப்பா வீட்டார் பெரிய கங்காணி பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார்கள். பெரிய கங்காணி, சொந்தக்காரன் இருக்கும்போது நமக்கென்ன என்று நினைத்தார். பூசாரி இருவரையும் நம்பினார். ஆள் கண்ணில் பட்டாலாவது ஞாபகம் வரும். அவரோ அரிசி போடுகிற நாளைத் தவிரக் கீழே இறங்குவதில்லை. இப்படியே காதோரம் வெள்ளி பூத்து, முன்பல் ஒன்றும் போன பிறகு, திடீரென்று எல்லாரும் ஒரே நாளில் நினைத்துக்கொண்டு, "அடடா, ஒனக்கு இன்னும் ஆகலியா?" என்று கேட்டுவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆனால் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. மழை மாதங்களில் அந்தக் கொட்டில் மாத்தளைக் கடைத்தெரு போல இருக்கும். காரணம் அந்தச் சக்கரம். தோட்டத்தில் அப்போது எந்தக் கட்டடத்துக்கும் தனி சுவிச்சு கிடையாது. மடை திறந்தால் எல்லாம் எரியும், மூடினால் எல்லாம் அணையும். வேண்டாத பல்பைத் துணி சுற்றிப் பிடித்துக் கழற்றி வைப்பார்கள். ஆகவே இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை அரைக்கிற மெஷின் ஓட ஆரம்பித்தால் பங்களா விளக்கு மங்கும். துரையின் கிராமபோனில் பாடிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரப் பெண் நடுப்பாட்டில் ஆண்பிள்ளையாகி, பிறகு கிழவனாகி, கடைசியில் கொட்டாவி விடுவாள். உடனே ரவூப் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்து சக்கரத்தைத் திறப்பார். திறந்ததும் இஸ்டோரில் மெஷின் பேய் பிடித்த மாதிரி சுற்றி, கொழுந்தைக் கூழாக்கும். டீமேக்கர் ஏறி வந்து மூடுவார். மூடியதும் மாரியம்மன் கோயிலில் போட்டிருக்கிற மாலை விளக்கு, அம்மனுக்கு அவமரியாதை செய்கிற மாதிரி, மின்மினிப் பூச்சியாகிவிடும். பூசாரி ஏறி வருவார்.

இஞ்சினியர் போட்ட கோடு என்றைக்கோ காணாமல் போனது. அவரவருக்குத் தோதான இடத்தில் அவரவர் கோடு போட்டுக்கொண்டார்கள். டீமேக்கர் தேயிலைப் பெட்டிக்கு அடிக்கிற சிவப்பு மையில் ஒன்று. ரவூப் நானா சுண்ணாம்பில் ஒன்று. பூசாரி மஞ்சளில். டிஸ்பென்சரி மருத்துவிச்சி கமலாட்சி, வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தில், பஞ்சு நுனியால் தொட்டு, மயிரிழை மாதிரி ஒன்று. சுவரைப் பார்த்தால் கலர் கலராக நாமம் போட்ட மாதிரி இருந்தது. எந்தக் கோடு சரி என்று பழனிமுத்துவைக் கேட்டால், "வந்தவங்க கோடு சரிதாங்க" என்பார்.

வந்தவர்கள் சும்மா திருப்பிவிட்டுப் போவதில்லை என்பதுதான் விசேஷம். ஏறி வந்த களைப்புக்கு உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தேத்தண்ணி. தேத்தண்ணி குடித்தால் பேச்சு.

"என்ன மச்சான், ஒன்ட சக்கரம் எங்கள வாழ விடாது போல," என்று ரவூப் நானா தொடங்குவார். "தொர ரொட்டிய அந்தக் கரண்டுப் பொட்டிக்குள்ள போட்டு அர மணித்தியாலம் உட்காந்திருக்கிறாரு. ரொட்டி போட்ட மாதிரியே வெள்ளையா வெளிய வருது. எனக்கிட்ட கேக்குறாரு, ரவூப், இது என்னா ரோகம்னு."

"நீங்க என்னா சொன்னீங்க நானா?"

"ரொட்டிக்கு மலேரியா தொரன்னு சொன்னேன். குளுருது அதுக்கு. வேற என்னத்தச் சொல்ல?"

பழனிமுத்து சிரிப்பார். சிரிக்கிறபோது போன பல்லை மறைக்கக் கையைக் கொண்டுபோவார். ரவூப் நானா இறங்கிப் போனதும், அடுத்து டீமேக்கர் ஏறி வருகிற செருப்புச் சத்தத்துக்காகக் கேத்தலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பார்.

கமலாட்சி அடிக்கடி வருவதில்லை. மாத்தளையில் படித்துவிட்டு வந்தவள். புருஷன் மலேரியாவில் போனதிலிருந்து டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருந்த ஒற்றைக் காம்பராவில் இருந்தாள். தோட்டத்தில் பாதிப் பேர் இந்த உலகத்தில் முதலில் பார்த்த முகம் அவளுடையதுதான். அந்த அதட்டலைக் கேட்டுப் பயந்துதான் பிள்ளைகள் அழுகின்றன என்று டீமேக்கர் சொல்லுவார். கொட்டிலுக்குக் கிட்டே இருந்தது டிஸ்பென்சரிதான். சக்கரம் அரை விரல் கூடினாலும் கரண்டு முதலில் போய் மோதுவது அங்கே. பல்பு மத்தியான வெயில் மாதிரி எரியும். அப்போது வருவாள். குடையை மடக்கி வாசலில் சாத்துவாள். சக்கரத்தைத் தன் நீலக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவாள். வேறு யாரும் செய்யாத ஒன்றையும் செய்வாள்: குடித்த கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

ஒரு தடவை கவிழ்த்த கிளாசைப் பார்த்தபடியே சொன்னாள்: "எல்லாரும் ஒங்களத் தேடி மேல ஏறி வரணும். நீங்க ஒரு நாளாச்சும் கீழ எறங்கி வந்தா காலு தேஞ்சு போயிருமோ, வாட்ச்சரய்யா?"

"சக்கரத்த விட்டுட்டு எப்புடிங்கம்மா வாறது?"

"சக்கரத்தயா? அத ஊரே திருப்புது. நீங்க ஒருத்தர்தான் திருப்புறதில்ல."

அதைச் சொல்லிவிட்டு அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். பழனிமுத்து அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தையே கழித்தார். திருப்பிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். அது திட்டா, கூப்பிட்டதா என்று பிடிபடவில்லை.

மாசி, பங்குனிதான் கொடுமை. ஓடை வற்றி, நூலாய்த் தண்ணீர் வரும். மடையை முழுக்கத் திறந்து வைத்தாலும் ஊசி எழுந்திருக்காது. திருப்ப ஒன்றுமில்லை, ஆகவே வர ஒருவருமில்லை. கூட்டியோ குறைத்தோ ஆகப்போவது எதுவுமில்லை என்று தெரிந்த இடத்துக்கு அந்த ஏற்றத்தை யார் ஏறுவார்கள்? பழனிமுத்து நாள் முழுக்க வாயைத் திறக்காமலே இருப்பார். ஒரு பங்குனியில் அவர் பேசிய ஒரே வார்த்தை கேத்தலிடம், "பொறு" என்பது. சித்திரையில் முதல் மழை பெய்து ரவூப் நானா வந்து, "என்ன மச்சான்?" என்றபோது, பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தொண்டையைச் செருமிச் செருமி, குரலை எங்கிருந்தோ தேடி எடுத்து வர வேண்டியிருந்தது. ரவூப் நானா சளித் தடிமன் என்று நினைத்து இஞ்சி போடச் சொன்னார்.

அந்த வருஷ வைகாசியில்தான் அது நடந்தது. கைதவறி மடை ஒரு விரல் இறங்கிவிட்டது. சரிசெய்யலாம் என்று கையை நீட்டியவர், கேத்தல் பொங்குகிறது என்று திரும்பினார், அப்படியே மறந்து போனார். தேத்தண்ணி ஊற்றி முடிக்கவில்லை, வாசலில் ரவூப் நானா. "கிராமபோன் கெழவனாயிட்டான் மச்சான்!"

பழனிமுத்து கிளாசைக் கையில் வைத்தபடி சக்கரத்தைப் பார்த்தார். ரவூப் நானாவைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைப் பார்த்தார். இவ்வளவு காலமும் ஆள் வருவது மழை மாதிரி, தானாக வந்தால் உண்டு என்று நினைத்திருந்தார். அது கைப்பிடியில் இருந்திருக்கிறது!

அதன் பிறகு அவர் பெரிய சங்கீத வித்துவான் ஆகிவிட்டார். எவ்வளவு திருப்பினால் யார் வருவார் என்று விரல் நுனியில் வைத்திருந்தார். மெல்லிசாகக் குறைத்தால் ரவூப் நானா; தடிப்பாகக் கூட்டினால் டீமேக்கர்; வெள்ளிக்கிழமை பார்த்து இலேசாகச் சரித்தால் பூசாரி, பிரசாதத்தோடு. சுண்டல் வேண்டுமென்றால் சக்கரத்தைச் சுண்டினால் போதும். வந்தவர் வந்த காரியத்தை முடித்துச் சரிசெய்துவிட்டுப் போவதால் யாருக்கும் நட்டமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஒவ்வொருவரும் தங்களுக்கு முன்னால் வந்தவர்தான் மாற்றிவிட்டுப் போனார் என்று நினைத்துத் திட்டினார்கள். டீமேக்கரிடம் ரவூப் நானாவைப் பற்றியும், ரவூப் நானாவிடம் டீமேக்கரைப் பற்றியும் பழனிமுத்து வருத்தத்தோடு தலையாட்டினார்.

நீலக் கோட்டின் பக்கம் மட்டும் போகவில்லை. பிள்ளை பிறக்கிற இடத்தில் விளையாடக் கூடாது என்று ஒரு பயம். கமலாட்சி அவளாக வந்தால்தான் வர வேண்டும்.

அவள் வரவில்லை. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. கமலாட்சி கேட்டாள் என்று டிஸ்பென்சரிப் பல்புக்குத் தகரத்தில் தானே ஒரு தொப்பி செய்து கொடுத்ததாகப் பூசாரி பேச்சுவாக்கில் சொன்னார். வெளிச்சம் கூடினாலும் இனிக் கண்ணைக் குத்தாதாம். பூசாரி பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனார். பழனிமுத்து கேத்தலைத் தரையில் வைக்கப் போய்க் காலில் வைத்துக்கொண்டார்.

ஆடியில் ரோதை முனிக்குப் பூசை. இஸ்டோர் மெஷினிலும் மேலே கொட்டில் ரோதையிலும் குடியிருக்கிற முனி. வருஷத்துக்கொரு தடவை சேவல் அறுத்துக் கும்பிடாவிட்டால் ஆள் கையைக் கேட்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். பூசை முடிந்த மறுநாள். மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஓடை கரை தெரியாமல் ஓடியது. துரை பங்களாவுக்குக் கண்டியிலிருந்து விருந்தாளிகள். மத்தியானமே ரவூப் நானா வந்து, "இண்டைக்கி மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும் மச்சான், வெள்ளைக்காரப் பொம்புளையளுக்கு முன்னால மானம் போகப்பிடாது," என்று திறந்துவிட்டுப் போனார். பின்னேரம் பூசாரி வந்து, அம்மனுக்கு இன்றைக்கு மாலை விளக்கு இரட்டை என்று சொல்லி, தன் பங்குக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

இருட்டத் தொடங்கியது. பழனிமுத்து வாசலில் நின்று கீழே பார்த்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. டிஸ்பென்சரியில் ஒரு பல்பு மட்டும் எரிந்தது. பிள்ளைப்பேறு என்றால் இரண்டாவது பல்பையும் மாட்டுவார்கள். ஒன்றுதான். நன்றாகப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டும் பார்த்தார். ஒன்றேதான். அப்படியென்றால் அவள் சும்மா இருக்கிறாள். தகரத் தொப்பிக்குக் கீழே உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு விரல். ஒரே ஒரு விரல் கூட்டினால் தொப்பியையும் மீறி அடிக்கும். குடையை எடுத்துக்கொண்டு வருவாள். திட்டட்டும். கிளாசைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

திருப்பினார்.

இஸ்டோரில் அன்றைக்கு மழையால் கொழுந்து குறைவு என்பதை அவர் அறியமாட்டார். வேலை சீக்கிரம் முடிந்து, டீமேக்கர் எல்லா மெஷினையும் அதே நேரத்தில் நிறுத்தினார் என்பதையும் அறியமாட்டார். அத்தனை மெஷினும் குடித்துக்கொண்டிருந்த கரண்டு, குடிக்க ஆளில்லாமல், ரவூப் நானா திறந்ததும் பூசாரி தட்டியதும் பழனிமுத்து திருப்பியதுமாகச் சேர்ந்து, மலையிலிருந்து மாட்டு மந்தை மாதிரி இறங்கியது. ஊசி கண்ணாடியின் அந்தப் பக்கச் சுவரில் போய் முட்டி நடுங்கியது. குருவிப்பாறைத் தோட்டம் ஒரு நிமிஷம் பகலாயிற்று. சேவல்கள் கூவின. கோயில் ஆலமரத்துக் காக்கைகள் விடிந்துவிட்டதென்று கிளம்பிப் பாதி வழியில் திகைத்தன. கிராமபோன் பெண் குழந்தையாகி, கொசுவாகி, காணாமல் போனாள். பங்களா ரொட்டிப் பெட்டியிலிருந்து கிளம்பிய ரொட்டி உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது என்று ரவூப் நானா பிற்பாடு சத்தியம் செய்தார். பிறகு, பட் பட்டென்று பொரி பொரிகிற மாதிரி, தோட்டத்துப் பல்புகள் அத்தனையும் வெடித்தன. அதற்குப் பின் மழைச் சத்தம் மட்டும்.

பழனிமுத்து தட்டித் தடவி மடையை மூடினார். ரோதை முனகி நின்றது. இருட்டில் கேத்தலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிஸ்பென்சரியில் யாரோ ஒரு குப்பி விளக்கை ஏற்றினார்கள். அந்தச் சின்ன வெளிச்சம் ஜன்னலுக்கு வந்து, மேலே பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றது.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் விசாரணை. துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பழனிமுத்து முன்னால் நிறுத்தப்பட்டார். இன்றோடு சீட்டுக் கிழிந்தது என்று அவருக்குத் தெரியும். கீழே இறங்கிப் போக வேண்டும். போவதற்கு ஒரு காம்பராகூட இல்லை.

"யார் சக்கரம் திருப்பினான்?" என்றார் துரை, தன் தோட்டத் தமிழில்.

பழனிமுத்து வாயைத் திறந்தார். பங்குனி மாதம் மாதிரி காற்றுத்தான் வந்தது. அவர் குரலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ரவூப் நானா முன்னால் வந்தார். "தொர, அல்லாஹ்வுக்குப் பொதுவா சொல்றேன், நான்தான். விருந்துக்காக."

டீமேக்கருக்குப் பொறுக்கவில்லை. "நீ எங்க? நான் ஒரே நேரத்துல எல்லா மெஷினையும் நிப்பாட்டினேன். ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கணும். பெசகு என்னோடது."

"அம்மன் சாட்சியா நான் ஒரு தட்டுத் தட்டினேனுங்க," என்றார் பூசாரி. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "முனிக்கு இந்த வருஷம் சேவல் சின்னது, அதாங்க காரணம்," என்றது. அதைத்தான் அதிகம் பேர் ஒத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் மனதாரச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன் கைதான் தோட்டத்தை இருட்டாக்கியது என்று உண்மையாகவே நம்பினார்கள். பழனிமுத்து இரண்டு தடவை, "ஐயா, நான்..." என்று தொடங்கினார். "நீ சும்மாயிரு, பாவம்," என்று டீமேக்கர் அதட்டினார். குற்றத்தை ஒத்துக்கொள்கிற வரிசையில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

கடைசியாக, கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த கமலாட்சி சொன்னாள்: "நானும் போனேன் தொர. சாயங்காலம். திருப்பிட்டு வந்தேன்."

பழனிமுத்து திரும்பிப் பார்த்தார். அவள் வரவில்லை. இரண்டு மாதமாக வரவில்லை. கவிழ்த்து வைத்த கிளாஸ் கவிழ்த்தபடியே இருக்கிறது. அவர் அதைத் தொடுவதேயில்லை. அவள் அவரைப் பார்க்காமல், மடக்கிய குடையின் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

துரை எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லா ஆளும் திருப்பறான். ஒரு ஆளும் பாக்கறான் இல்லே," என்றார். யாரையும் தண்டிக்கவில்லை. தப்புச் செய்தது சக்கரம்தான் என்று முடிவாயிற்று. பழனிமுத்துவின் வேலைக்கு ஒன்றும் வராது, அவர் வழக்கம்போலச் சருகு வாரலாம். களத்தில் இருந்தவர்களெல்லாம் அவர் முதுகில் தட்டினார்கள்.

கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ரோதைக்குப் பக்கத்தில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். இரண்டு இரும்புக் குண்டுகள் ஒன்றையொன்று துரத்திச் சுற்றும். கரண்டு கூடினால் அதுவே மடையை மூடும், குறைந்தால் அதுவே திறக்கும். கை வைக்கிற சக்கரத்தைச் சுற்றி ஆளுயரக் கம்பிக்கூண்டு, பூட்டு. சாவி துரையின் மேசையில். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் போய், ஒரே கறுப்புக் கோடு. கீழே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிப்பெட்டி, தனி சுவிச்சு. பங்களா அணைந்தால் இஸ்டோருக்குத் தெரியாது. இஸ்டோர் நின்றால் அம்மனுக்குத் தெரியாது. ரொட்டி பொன்னாகச் சிவந்தது. கிராமபோன் பெண் கடைசிவரை பெண்ணாகவே பாடினாள். முனியைக் கூண்டில் அடைத்துவிட்டார்கள் என்று கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

எல்லாருக்கும் நல்லதாயிற்று. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பழனிமுத்துவே நன்றாக யோசித்துப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

ரவூப் நானா ஒரே ஒரு தடவை வந்தார். உட்கார்ந்தார், ஏலக்காய் மென்றார். திருப்ப ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். "அப்ப எல்லாம் சொகமா ஓடுது, என்ன மச்சான்?" என்றார். "ஓடுது நானா." கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குண்டுகள் சுற்றுவதைப் பார்த்தார்கள். "சரி, வாறேன்," என்று எழுந்தார். பிறகு வரவில்லை. ஐப்பசி மழை கொட்டியது. கொட்டிலில் பங்குனி மாதம் நடந்துகொண்டிருந்தது.

முன்பெல்லாம் அந்தி நேரம் வாசலில் நின்றால், விளக்குகள் மங்குவதையும் பொங்குவதையும் வைத்தே கீழே என்ன நடக்கிறதென்று சொல்லிவிடுவார். இப்போது ஆணி அடித்த மாதிரி எல்லாம் ஒரே சீராக எரிந்தன. பழனிமுத்து பழக்கதோஷத்தில் இரண்டு கிளாஸ் ஊற்றிவிட்டு, இரண்டாவதையும் தானே குடித்தார். குண்டுகளுக்கு எதிரில் உட்கார்ந்து, "ஒங்களுக்குத் தேத்தண்ணி வேணாமா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார். அவை தங்கள் பாட்டுக்குச் சுற்றின.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்தின நாள் அந்தி. மழை இல்லை. மலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பழனிமுத்து கிளாசோடு வாசலில் நின்றார்.

டிஸ்பென்சரி விளக்கு அணைந்தது.

அது மட்டும். இஸ்டோர் எரிந்தது, பங்களா எரிந்தது, கோயில் எரிந்தது. திரும்பிப் பார்த்தார், ஊசி கறுப்புக் கோட்டில் அசையாமல் நின்றது. மறுபடி கீழே பார்த்தபோது விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் நின்று, மறுபடி அணைந்தது. எரிந்தது.

பல்பு இறுக்கமாக இல்லையோ. புது சுவிச்சு, உள்ளே கம்பி கழன்றிருக்கலாம். யாராவது சின்னப் பிள்ளை மருந்துக்கு வந்த இடத்தில் விளையாடுகிறதோ. இப்படி ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றையும் தள்ளினார். ஒவ்வொன்றும் தள்ளிய இடத்திலிருந்து திரும்பி வந்தது. முன்னெல்லாம் ஒரு விளக்கு கண்ணடித்தால் ஊரே கண்ணடிக்கும். யார் யாரிடம் எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாது. இப்போது அவள் ஒருத்தியின் விளக்கு மட்டும் அணைந்து எரிந்தது.

உள்ளே குண்டுகள் சுற்றின. கூண்டுக்குப் பூட்டு இருந்தது. அவர் இல்லாமல் கெட்டுப்போக அங்கே ஒன்றுமே இல்லை.

கிளாசை வாசல் கல்லில் வைத்தார். சாக்கை எடுக்கலாமா என்று யோசித்து, எடுக்காமல், முதல் படியில் கால் வைத்தார். அரிசி போடுகிற நாள் இல்லை இன்று. பாசி வழுக்கியது. இரண்டாவது படியில் இறங்கும்போது டிஸ்பென்சரி விளக்கு மறுபடி அணைந்தது. இந்தத் தடவை எரியக் காணோம். எரியும் எரியும் என்று அந்த இருட்டையே பார்த்தபடி நின்றார். அவருடைய வலது கால் மட்டும், அவரைக் கேட்காமலே, அடுத்த படியைத் துழாவிக்கொண்டிருந்தது.